பாதி மாத்திரை

எமர்ஜென்சி பெல் அலறியபோது சலவைக்கூடத்தில் பாதிப் பேருக்கு அது கேட்கவே இல்லை.

அவர்களுக்காகத்தான் சுவரில் சிவப்பு விளக்கு வைத்திருந்தார்கள். விளக்கு சுழன்றதும் ஈரத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மடிப்பு மேஜையில் இருந்தவர்கள் துண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். துணியைச் சூட்டில் அழுத்தித் தேய்க்கிற ரோலருக்குப் பக்கத்தில் பாப்பா தரையில் கிடந்தாள். கால்கள் தறிகெட்டு உதைத்துக்கொண்டிருந்தன. இடது உள்ளங்கையில் தோல் வழன்று தொங்கியது. ரோலரின் வாயில் ஒரு வெள்ளை பெட்ஷீட் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றிருந்தது. உள்ளே போன பாதி கருகத் தொடங்கியிருந்தது.

அவசரக் கயிற்றை இழுத்து மெஷினை நிறுத்தியவள் ரேடியோ. அவளுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. கைகள் மட்டும் ஓயாமல் பேசும். அதனால் 'ரேடியோ' என்று தனக்குத் தானே பேர் வைத்துக்கொண்டவள். இப்போது அந்தக் கைகள் கயிற்றை விடாமல் பிடித்திருந்தன.

"சுத்தி நிக்காதீங்க! காத்து வரட்டும்!" என்று கத்திக்கொண்டே, எல்லாரும் 'பைலட்' என்று கூப்பிடுகிற சூப்பர்வைசர் வந்தார். லாரி ஓட்டிக் காலைப் பறிகொடுத்தவர். பொய்க்காலோடு அவர் அவ்வளவு வேகமாக வந்து யாரும் பார்த்ததில்லை. "தலைக்கு அடியில துண்டு வை. ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில எதையும் திணிக்காதே, தானா அடங்கும்."

மேனேஜர் மேடம் கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்தாள். சின்ன வயது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாப்பாவைப் பார்த்தாள். அப்புறம் பைலட்டைப் பார்த்தாள். பதறாமல், தினமும் செய்கிற வேலையைப்போலச் செய்துகொண்டிருந்த அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

பைலட் பாப்பாவின் தலைக்கு அடியிலிருந்த துண்டைச் சரிசெய்தார்.

*

பள்ளிக்கூட கேன்டீனில் அம்மா பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரோ போன் என்று கூப்பிட்டார்கள். சோப்பு நுரை வழியும் கையோடு வாங்கினாள். "பாப்பாவுக்கு" என்று ஆரம்பித்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. இருபத்தேழு வயதுப் பெண். பிறந்தபோது மூளைக்குப் போகவேண்டிய காற்று கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்றார்கள். எதையும் நிதானமாகத்தான் புரிந்துகொள்வாள்; புரிந்துகொண்டதை மறக்கமாட்டாள். பேச்சு நிறுத்தி நிறுத்தி வரும், ஆனால் கோர்வையாக வரும். அதோடு வலிப்பும் உண்டு. பள்ளிக்கூடம் கையை விரித்துவிட்டது. தையல் கடை, பேக்கிங் கம்பெனி, பேப்பர் கப் கம்பெனி, எங்கே கூட்டிப்போனாலும் அவள் முகத்தைப் பார்த்ததும் வேலை இல்லை என்றார்கள்.

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அதனால் பாப்பாவை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனார்கள். வருஷக்கணக்கில். சாயங்காலம் கதவைத் திறக்கும்போது, காலையில் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். "இன்னைக்கு என்னடி பண்ணின?" என்று கேட்டால், "உட்கார்ந்தேன்" என்பாள்.

வேறெங்கும் வேலை கிடைக்காதவர்களுக்கென்று ஒரு டிரஸ்ட் சலவைக்கூடம் நடத்துகிறது, கண் தெரியாதவர், கால் இல்லாதவர், ஜெயிலுக்குப் போய் வந்தவர் எல்லாரும் அங்கே ஹோட்டல் துணி துவைத்து மாசச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அம்மா முதலில் நம்பவில்லை. போய்ப் பார்த்தாள். நிஜம்தான். "பொண்ணுக்கு வேற ஏதாவது வியாதி உண்டாம்மா? மயக்கம், வலிப்பு?" என்று கேட்டார்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றாள் அம்மா. பொய் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

பாப்பா மாறிப்போனாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாய் மூடுவதில்லை. பெட்ஷீட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லுவாள். "இன்னைக்கு ஒருத்தர்ம்மா, ஷீட் கசங்கவே இல்லை. ராத்திரி பூரா உட்கார்ந்தே இருந்திருக்காரு. பாவம். இன்னொருத்தர் பெட்லயே டீயைக் கொட்டிட்டு, அதைத் தலகாணியால மூடி வச்சிருக்காரு. திருடன்." முதல் சம்பளத்தில் அப்பாவுக்குப் பனியன், அம்மாவுக்குத் தலைக்கு கிளிப். சிவப்பு கலர். அம்மாவின் வயதுக்கு அது சரிப்படாது, ஆனால் தினமும் போட்டுக்கொண்டாள்.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் மழைச்சாரல் அடித்தது. பெஞ்சை உள்பக்கமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். பாப்பாவின் கை முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டு, பெரிய பொட்டலம்போலத் தெரிந்தது. பெஞ்சிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். "வலிப்பு மாத்திரை ஒழுங்கா போடறாங்களா?"

"போடறா டாக்டர்."

"முழு டோஸா?"

"ஆமாங்க" என்றாள் அம்மா.

அப்பா கார் பட்டறையில் டிங்கர். நசுங்கின கதவுகளைத் தட்டித் தட்டி நிமிர்த்துகிற வேலை. சட்டையெல்லாம் கதவில் பூசித் தேய்க்கிற பட்டித் தூள். மகளின் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதைத் தட்டி நிமிர்த்த முடியாதே" என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் பைலட்டும் ரேடியோவும் நனைந்துகொண்டே வந்தார்கள். பைலட் கையில் பன்னும் பிளாஸ்கில் டீயும். ரேடியோ நேராகப் போய் பாப்பாவின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தடவினாள்.

"சாப்பிடுங்கக்கா. காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்றார் பைலட்.

"இறங்காது தம்பி."

"டீயாவது குடிங்க. மாமா, நீங்க?" அப்பாவுக்கும் ஊற்றிக் கொடுத்தார். பொய்க்காலை மாற்றி மாற்றி ஊன்றினார். "அக்கா, ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

"சொல்லுங்க."

"பாப்பாவுக்கு இது முதல் தடவை இல்லை. அங்க முன்னாடியே வந்திருக்கு. இப்படிப் பெரிசா இல்லை. கண்ணு சொருகும், கை இழுக்கும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும். துண்டு மூட்டைக்குப் பின்னாடி படுக்க வச்சுடுவோம். அவ மடிக்கிற பங்கை ஆளுக்குக் கொஞ்சமா மடிச்சு வச்சுடுவோம். மேடத்துக்குத் தெரியாது."

அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "எப்பலேருந்து?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னா பயந்து நிறுத்திடுவீங்கன்னுதான்க்கா. பாப்பாவே கும்பிட்டுக் கேட்டுச்சு, அம்மாகிட்ட சொல்லாதீங்கண்ணே, என்னை மறுபடியும் உள்ள வச்சுப் பூட்டிருவாங்கன்னு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி, அவளுக்கு வலிப்பு இருக்குன்னு உங்ககிட்ட நான் மறைச்சேன். சொன்னா சேர்த்துக்க மாட்டீங்கன்னு."

"அது எங்களுக்கு முதல்லயே தெரியும்க்கா. மேடத்தைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

ரேடியோ இவர்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கையால் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்றாள் அம்மா.

"நீங்க எங்ககிட்ட மறைச்சீங்க, நாங்க உங்ககிட்ட மறைச்சோம், நடுவுல ரோலர்கிட்ட மட்டும் யாரும் சொல்லலைங்கறா."

அப்பா ஒரு கணம் சிரித்துவிட்டார். சிரித்த வாய் அப்படியே கோணி அழுகையாக மாறியது. திரும்பி மழையைப் பார்த்து நின்றுகொண்டார்.

அவர்கள் போன பிறகு அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏங்க."

"ம்."

"மழை ஆரம்பிச்சப்பத்தான் நான் மாத்திரையைப் பாதியாக்கினேன்."

அவர் திரும்பவில்லை. "என்ன சொன்ன?"

"பாதி உடைச்சுத்தான் கொடுத்தேன். முழுசாப் போட்டா அவ தூங்கி வழியறா. கை ஓடாது. புது ஹோட்டல் ஆர்டர் வந்ததுலேருந்து மடிக்கிறதுக்கு வேகம் பாக்கறாங்க. மெதுவா இருந்த ரெண்டு பொண்ணுங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அடுத்தது இவதான்னு பேச்சு. பாதி கொடுத்துப் பார்த்தேன். ரெண்டே நாள்ல சுறுசுறுப்பாயிட்டா. வலிப்பும் வரலை. வரலைன்னு நினைச்சேன். சாமி கண்ணைத் திறந்துட்டாருன்னு நினைச்சேங்க. அப்புறம்தான் கை நல்லா ஓடுதுன்னு மேடம் ரோலருக்கே மாத்தினாங்க. நான் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொன்னேன்."

அவர் கையை ஓங்கினார். அம்மா முகத்தைத் திருப்பவில்லை. ஓங்கின கை வராந்தாத் தூணில் போய் இறங்கியது. இரும்பைத் தட்டித் தட்டிக் காய்ப்பேறிய கை. தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"எல்லாரும் எல்லாருக்கும் சேர்த்து முடிவு பண்ணிட்டு ஊமையா இருந்திருக்கீங்க. உண்மையான ஊமைதான் வாயைத் திறந்திருக்கா" என்றார் அவர்.

*

பாப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அம்மாவின் தம்பி வந்துவிட்டான். பழைய பைக் வாங்கி விற்கிற புரோக்கர். எந்த விஷயத்தையும் பேரமாகத்தான் பார்ப்பான். உள்ளே நுழையும்போதே ஆரம்பித்தான்.

"அக்கா, வாயே திறக்காத. வியாதிக்காரப் பொண்ணைக் கொண்டுபோய் கொதிக்கிற மெஷின்கிட்ட நிறுத்தினது அவங்க தப்பு. கமிட்டியில பெரியவர் ஒருத்தர் இருக்காரு, விசாரிச்சுட்டேன். பேப்பர்ல வந்தா டிரஸ்ட் பேர் கெட்டுடும்னு நடுங்கறாரு. கேட்டதைக் கொடுப்பாரு."

"வியாதி இல்லைன்னு சொன்னதே நான்தானேடா."

"யாரு கேட்டா? அந்த ஒத்தக்கால் சூப்பர்வைசருக்கு முன்னாடியே தெரியுமாம். தெரிஞ்சும் ரோலருக்குத் தள்ளியிருக்கான். பழி மொத்தமும் அவன் தலையில. நமக்கு நஷ்ட ஈடு. முடிஞ்சுது."

அப்பா மூலையிலிருந்து சொன்னார். "உனக்கு எவ்வளவு கமிஷன் மாப்பிள்ளை?"

"பாத்தியாக்கா, நல்லது சொன்னா இப்படித்தான் பேசுவாரு. மாமா, நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் போயிட்டா இவளை யார் பாப்பாங்க? நானா?"

அந்தக் கேள்விதான் அந்த வீட்டுக்குள் இருபத்தேழு வருஷமாகக் குடியிருந்தது. வாய்விட்டுக் கேட்ட முதல் ஆள் அவன். பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போடாத கையால் ஒரு துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். ஒரு கையால் மடிப்பது சரியாக வரவில்லை. ஓரத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு மடித்துப் பார்த்தாள்.

மறுநாள் கேன்டீனுக்குப் போகாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா கிளம்பினாள். பாப்பாவுக்குச் சோறும் முட்டையும் மூடி வைத்தாள். வாசலில் நின்று பூட்டைக் கையில் எடுத்தாள். பாப்பா வேலைக்குப் போன நாளிலிருந்து தொடாத பூட்டு. சாவி சுற்ற மாட்டேன் என்றது. எண்ணெய் விட வேண்டியிருந்தது.

உள்ளேயிருந்து பாப்பா, "அம்மா, சத்தம் வராம பூட்டு. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்" என்றாள்.

அம்மா அன்றைக்கு அழுதுகொண்டேதான் அண்டா தேய்த்தாள்.

*

கமிட்டிக் கூட்டம் சலவைக்கூடத்தின் மாடி அறையில் நடந்தது. கீழே வாஷிங் மெஷின்கள் சுற்றுகிற அதிர்வு மேஜை வரைக்கும் வந்தது. பெரியவர் நல்ல மனிதர்; எழுந்து வந்து பாப்பாவின் தலையைத் தொட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். மேனேஜர் மேடத்தின் கண்கள் தூங்காமல் வீங்கியிருந்தன. பைலட்டை ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள்.

"சுத்தி வளைக்க வேண்டாம்" என்றார் பெரியவர். "சூப்பர்வைசர், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்க சார். மெதுவா இருந்ததுக்கே ரெண்டு பேரை அனுப்பினீங்க."

மேடம் குறுக்கிட்டாள். "நான் ஆசைப்பட்டா அனுப்பினேன்? சம்பளத்துக்குப் பணம் கொடுத்துக்கிட்டிருந்த கம்பெனி கையை விரிச்சுட்டாங்க. இனிமே சொந்தக் கால்ல நில்லுங்கன்னு சொல்லிட்டாங்க. ஹோட்டல்காரங்க நேரத்துக்கு ஷீட் கேக்கறாங்க. நேரத்துக்குப் போகலைன்னா ஆர்டர் போச்சு. ஆர்டர் போனா இங்க இருக்கிற எல்லாருமே வீட்டுக்குப் போகணும்."

"சொந்தக் கால்ல நிக்கச் சொன்னாங்களா? என்னையும் சேர்த்தா?" என்று பைலட் பொய்க்காலைத் தரையில் தட்டினார். வேறு நாளாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "சூப்பர்வைசரை இனிமே வச்சிருக்க முடியாது. எனக்கு வருத்தம்தான். ஆனா ஒரு உயிரே போயிருக்கும். பாப்பா விஷயத்துல நாங்க கைவிட மாட்டோம். வேலைக்கு வர வேண்டாம். வீட்டுல நிம்மதியா இருக்கட்டும். மாசாமாசம் ஒரு தொகை வீடு தேடி வரும். நாங்க இருக்கிற வரைக்கும் வரும்."

புரோக்கர் தம்பி அக்காவின் விலாவில் மெல்ல இடித்தான். போதும், தலையாட்டு என்பதுபோல.

வீடு தேடி வருகிற தொகை. அண்டா தேய்க்கப் போக வேண்டாம். ஆனால் அம்மாவுக்கு, "உட்கார்ந்தேன்" என்று சொல்கிற அந்தக் குரல்தான் கேட்டது. பைலட் தலையைக் குனிந்து நின்றிருந்தார். இந்த இடத்தை விட்டால் அவரையும் எவனும் எடுக்கமாட்டான். அதை அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

"சார்" என்று எழுந்தாள்.

"அக்கா, உட்காரு" என்றான் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சும்மா இருடா. சார், பைலட் தம்பி மேல தப்பு இல்லை. சேர்க்கும்போதே வலிப்பு இல்லைன்னு பொய் சொன்னவ நான். மாத்திரையைப் பாதியாக்கினதும் நான்தான். முழுசாக் கொடுத்தா இவ கை ஓடலை. கை ஓடலைன்னா நீங்க அனுப்பிடுவீங்க. அதனால கொடுக்கலை. இவங்க யாருக்கும் அது தெரியாது. எனக்கு உங்க பணம் வேண்டாம் சார். என்னை என்ன வேணா பண்ணுங்க. இவங்களை அனுப்பாதீங்க."

தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனான். அவன் படியிறங்குகிற சத்தம் கேட்டது. அப்பா எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார். நின்றார், அவ்வளவுதான்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "பெத்த தாயே இப்படிப் பண்ணலாமாம்மா?" என்றார் கடைசியில்.

"பண்ணக்கூடாதுதான் சார்."

"சரி, நடந்தது நடந்துபோச்சு. சூப்பர்வைசர் விஷயத்தை யோசிப்போம். இனிமேலாவது முழு மாத்திரை கொடுங்க. பொண்ணு வீட்டுல நல்லா ஓய்வெடுக்கட்டும். அதான் அவளுக்கு நல்லது. என்னம்மா மேனேஜர்?"

மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு மேஜையைப் பார்த்தாள். கீழே ரோலரை யாரோ ஓட்டத் தொடங்கினார்கள். மூலையில் இருந்த தண்ணீர் டம்ளர் மெல்லக் கிணுகிணுத்தது.

அதுவரைக்கும் யாரும் பாப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தாள். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி, பெரியவரைத் தாண்டி, மேடத்துக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"அம்மா பாதிதான் தர்றாங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். உடைக்கிற சத்தம் கேக்கும். முழுசாப் போட்டா நான் மெதுவாத்தான் மடிப்பேன். ஆனா விழமாட்டேன்."

நிறுத்தினாள். அடுத்த வார்த்தைகளைத் தேடிப் பிடிக்க அவளுக்கு வழக்கம்போல நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"மெதுவா மடிச்சா என்னை வச்சுக்குவீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க மேடம். அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திரை போட்டுக்கிறேன்."